மலைச் சைக்கிள் குழுக்களின் அமைப்பாளர்களுக்குப் பூப்பாறையிலிருந்து ஒரு மடல்

சென்னை, கோவை, மதுரை, பெங்களூரு, கொச்சி ஆகிய ஊர்களிலிருந்து எங்கள் மலைக்குச் சைக்கிள் ஓட்டிகளை அழைத்துவரும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துப் பூப்பாறையில் 3 அறைகள் உள்ள ஒரு சிறிய விடுதியையும், அதை ஒட்டியே ஒரு மெஸ்ஸையும் நடத்துகிறேன். விடுதிக்குக் கீழே, சாலையோரத்தில் என் தம்பியின் பட்டறை இருக்கிறது. ‘சைக்கிள், பைக் பஞ்சர் ஒட்டப்படும்’ என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய பலகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களில் பலர் அங்கே காற்றடித்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். எங்கள் அம்மா தேனி மாவட்டத்துத் தேவாரம் ஊரிலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்கு வந்துபோனவர். பிறகு இங்கேயே தங்கிவிட்டார். மெஸ்ஸில் நீங்கள் கேட்டு வாங்கிச் சாப்பிடும் கருவாட்டுக் குழம்பு அவருடைய கைப்பக்குவம்.

நீங்கள் வருவதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். மழை ஓய்ந்துவிட்டால், பைகளைக் காரியரில் கட்டிக்கொண்டு போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்தே ஏறி வரும் பிள்ளைகளுக்காக நான் காத்திருக்கிறேன். அடிவாரத்திலிருந்து போடிமெட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். அவ்வளவும் ஏறி வந்தவர் வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, “அக்கா, முதலில் ஒரு கட்டன்” என்று பாலில்லாத டீயைக் கேட்கும்போது என் மனம் நிறைந்துவிடும். ஆனால் உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்று நெடுநாளாக மனத்தில் இருக்கிறது. நேரில் சொன்னால் பேரம் பேசுவதாக எடுத்துக்கொள்வீர்களோ என்ற தயக்கத்தில் எழுதுகிறேன்.

சென்ற தை மாதம் 14 பேர் கொண்ட ஒரு குழு வந்தது. எந்த ஊர்க் குழு, யார் அழைத்துவந்தார்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் ஜீப் பாதையில் இறங்கும்போது ஓர் இளைஞர் விழுந்துவிட்டார். ஆளுக்குச் சிராய்ப்புதான். வண்டிக்குத்தான் பலத்த அடி. பின்பக்க கியரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சிறு அலுமினியத் துண்டு உட்பக்கமாக வளைந்து, கியர் போய்ச் சக்கரத்துக்குள் மாட்டி 3 ஸ்போக்குகள் அறுந்திருந்தன. ஃபிரேம் உடையாமல் இருக்க, அடியைத் தான் வாங்கிக்கொண்டு வளைவதற்கென்றே அந்தத் துண்டைச் செய்கிறார்கள் என்று தம்பி சொன்னான். வண்டிக்கு வண்டி அதன் வடிவம் மாறும். அந்த வண்டிக்கான ஹேங்கர் எங்கள் மலையில் எந்தக் கடையிலும் கிடையாது.

இரவு 8 மணிக்குத் தம்பி பழுது பார்க்க உட்கார்ந்தான். நடுவில் மின்சாரம் போய்விட்டது. நான்தான் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஹேங்கரை நிமிர்த்துவதற்கென்று இருக்கும் கருவி அவனிடம் இல்லை. பழைய கியர் சைக்கிள் ஒன்றின் பின்சக்கரத்தைப் பரணிலிருந்து எடுத்துவந்தான். அதன் அச்சின் மரையும் ஹேங்கரின் மரையும் ஒன்றே என்பது அவனுக்குத் தெரியும். அச்சை ஹேங்கரில் முறுக்கி ஏற்றினான். இப்போது வண்டியின் சக்கரமும் பழைய சக்கரமும் அடுத்தடுத்து நின்றன. இரண்டு ரிம்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை, முன்னே, பின்னே என்று ஒரு துடைப்பக் குச்சியால் அளந்தான். பழைய சக்கரத்தையே நெம்புகோலாகப் பிடித்து மெல்ல மெல்ல அழுத்தினான். அலுமினியம் அதிகம் வளைந்தால் ஒடிந்துவிடும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மூச்சை அடக்கிக்கொண்டான். இடைவெளி நான்கு பக்கமும் குச்சிக்குச் சரியாக வந்தபோது மணி 12 இருக்கும். அதன்பிறகு ஸ்போக் மாற்றி, கோட்டம் எடுத்து முடிக்க ஒரு மணி ஆனது.

விடியற்காலை அந்த இளைஞர் அதே வண்டியில் சூரிய உதயம் பார்க்கப் போனார். மாலையில் குழு கிளம்பும்போது அமைப்பாளர் தம்பியின் சட்டைப் பையில் 300 ரூபாயைச் செருகி, “டீ செலவுக்கு வைத்துக்கொள்” என்றார்.

அவர் கெட்டவர் அல்லர். அப்படி நினைத்து எழுதவில்லை. எல்லாரிடமும் சிரித்த முகமாகத்தான் பேசினார். அறை வாடகை, சாப்பாடு, ஜீப், வழிகாட்டி, டி-சட்டை என்று ஒவ்வொன்றுக்கும் அவருடைய கணக்கில் ஒரு வரி இருந்தது. மெக்கானிக் என்ற வரி மட்டும் இல்லை. அதனால் அந்த இரவு வேலை அன்பளிப்பில் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் கேட்பது இதுதான்: அந்த வரியை உங்கள் கணக்கில் எழுதுங்கள்.

உங்கள் விளையாட்டின் வரலாறு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் தம்பி எனக்குச் சொன்ன ஒன்றை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. கலிஃபோர்னியாவில் மரின் என்ற மலைப்பாங்கான வட்டாரம். 1970-களில் அங்கே சில இளைஞர்கள் குப்பையில் கிடந்த பழைய தடித்த டயர் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு காட்டுத்தீத் தடுப்புப் பாதைகளில் இறங்கினார்கள். 1976 அக்டோபரில் முதல் பந்தயம். 2 மைல் அளவே உள்ள பாதையில் சுமார் 1,300 அடி இறக்கம். அந்தச் சைக்கிள்களுக்குப் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் மட்டுமே. கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கரத்தின் நடுவே உள்ள குடத்தில் இருக்கும் கிரீஸ் வெந்து புகையாகப் போய்விடுமாம். ஒவ்வொரு முறை இறங்கிய பிறகும் குடத்தைப் பிரித்துப் புது கிரீஸ் வைக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ‘ரீபேக்’ என்று பெயர். பந்தயத்துக்கும் அந்தப் பாதைக்கும் அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் தாத்தாவின் வாடகை சைக்கிள் கடைதான் நினைவுக்கு வந்தது. போடியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவராயிலிங் நடக்கும். தகர டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பால்ரஸ் குண்டுகளைக் கழுவி, பழைய செய்தித்தாளில் பரப்பி உலர்த்தி, கப்பில் கிரீஸ் தடவி ஒவ்வொன்றாகப் பதித்து வைப்பார். நான் குண்டு பொறுக்கிக் கொடுப்பேன். உலகத்தின் முதல் மலைச் சைக்கிள் பந்தயம் தனக்குப் பெயர் வைத்துக்கொண்டது அந்த ஞாயிற்றுக்கிழமை வேலையின் பெயரைத்தான். ஓட்டியவர்களும் பழுது பார்த்தவர்களும் அங்கே ஒரே ஆட்கள். 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே தன் கையால் ஃபிரேம் கட்டினார். 1979-இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் டாம் ரிட்சி கட்டிக்கொடுத்த ஃபிரேம்களை வைத்துச் சிறிய கடை தொடங்கினார்கள். பெரிய நிறுவனங்கள் வந்தது அதற்குப் பிறகு. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது பதக்க விளையாட்டாகவே ஆகிவிட்டது. கிரீஸ் படிந்த கைகளில் பிறந்த விளையாட்டு இது. அந்தக் கைகளுக்கு மட்டும் ஏன் கணக்கில் இடமில்லாமல் போகிறது?

2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் கேரளத்தில், திருவனந்தபுரத்துக்கு மேலே பொன்முடியில் நடந்தது. தம்பி பட்டறையைப் பூட்டிவிட்டு பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பந்தயத்தைப் பற்றி அவன் அதிகம் பேசவில்லை. பாதையில் பழுது பார்ப்பதற்கென்று ஒதுக்கிய இடத்தில், உதிரிச் சக்கரத்தைக் கையில் பிடித்தபடி ஒவ்வொரு நாட்டு மெக்கானிக்கும் நின்றதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். “அக்கா, பாதி பேருக்கு அன்று முழுக்க வேலையே வரவில்லை. ஆனால் நிற்பதுதான் அவர்களுடைய வேலை. அதற்குத்தான் சம்பளம்” என்றான். ஆகவே குழு ஓடும் நாள் ஒவ்வொன்றுக்கும், பழுது வந்தாலும் வராவிட்டாலும், உள்ளூர் மெக்கானிக்குக் காத்திருப்புக் கூலி என்று ஒன்றைப் பேசி முடித்துவிட்டு வாருங்கள். பாகங்களுக்கும் வேலைக்கும் அதற்கு மேல் தனியாகக் கொடுங்கள். என் தம்பிக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. ராஜாக்காட்டிலும் அடிமாலியிலும் கம்பத்திலும் இதே போன்ற பட்டறைகள் உண்டு. மூணாறில் ஒரு பெரியவர் இருக்கிறார். டிஸ்க் பிரேக்குக்கு மினரல் ஆயில் ஊற்றும் வண்டி எது, டாட் திரவம் ஊற்றும் வண்டி எது என்று பார்த்தவுடனே சொல்வார். ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றிவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டு, இறக்கத்தில் பிரேக் கைவிட்டுவிடும். உங்கள் உயிர் அந்த இரண்டு புட்டிகளை மாற்றாமல் எடுக்கும் கையில் இருக்கிறது.

மெக்கானிக்கைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். பாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் விரும்பி ஓட்டும் ஒற்றையடிப் பாதைகள் தாமாக உண்டானவை அல்ல. கொழுந்து மூட்டையோடு பெண்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து நடந்து உண்டான தடங்கள் அவை. ஈர மண்ணில் பின்சக்கரத்தைப் பூட்டி இழுத்துக்கொண்டு இறங்கினால் ஒரு கோடு விழுகிறது. அடுத்த மழையில் அந்தக் கோடு வாய்க்காலாகிறது. அதன்பிறகு தலையில் பாரத்தோடு வருகிறவருக்குக் கால் வைக்க இடமில்லை. மழை நின்று இரண்டு நாள் மண் காயட்டும். வேலை நேரத்தில் தோட்டத்துக்குள் போகாதீர்கள். போவதென்றால் கண்காணியிடமோ வாட்சரிடமோ கேட்டுக்கொண்டு போங்கள். எதிரே ஆள் வந்தால் இறங்கி, வண்டியை ஓரமாகப் பிடித்துக்கொண்டு வழிவிடுங்கள். படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் அங்கே சக்கரம் படக்கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற வந்த பிள்ளைகள் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டுபோனதை நாங்கள் மறக்கவில்லை. அன்று ஓடிப்போய்த் தூக்கியவர்களில் எங்கள் பக்கத்து ஆட்களும் உண்டு.

போடிமெட்டுச் சாலையில் காலையில் ஜீப்புகள் வரிசையாக ஏறும். தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்கு வரும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். மாலையில் அதே ஜீப்புகள் இறங்கும். அந்த நேரங்களில் வளைவுகளில் கூட்டமாக நின்று காணொளி எடுக்காதீர்கள். என் அம்மா 19 ஆண்டுகள் அப்படி வந்துபோனவர். வளைவில் திடீரென்று பிரேக் போட்டால் ஜீப்புக்குள் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

சின்னக்கானல் பக்கம் போவதற்கு முன் ஜீப் ஓட்டுநர்களிடமோ டீக்கடையிலோ யானை எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். உங்கள் கைப்பேசி வரைபடம் அதைச் சொல்லாது. டீக்கடை அண்ணன் சொல்வார். கேட்டுவிட்டு அங்கேயே ஒரு டீயும் குடியுங்கள். வாழைப்பழமும் கடலை மிட்டாயும் எங்கள் கடைகளில் கிடைக்கும். நகரத்திலிருந்து பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து, வெறும் உறைகளை மட்டும் இங்கே விட்டுப்போகும் குழுக்களைப் பார்த்தால் மனம் நோகிறது.

வரும் மார்கழிக்கு வருகிறவர்கள் ஒரு மாதம் முன்பே தகவல் சொல்லுங்கள். எத்தனை பேர், எந்தெந்த வண்டி, என்ன மாடல், சக்கரம் 26 அங்குலமா 29 அங்குலமா, பிரேக்குக்கு எந்த எண்ணெய் என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். ஹேங்கர்களை மட்டும் வண்டிக்கு ஒன்று வீதம் நீங்களே வாங்கி வாருங்கள். பயன்படுத்தாதவற்றைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகலாம். மற்றவற்றைத் தம்பி மதுரைக்குப் போய் வாங்கி வைத்துவிடுவான். நிமிர்த்தும் கருவிக்குச் சீட்டுப் பணம் எடுத்து முன்பணம் கட்டியிருக்கிறான். கார்த்திகைக்குள் வந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
பூப்பாறையிலிருந்து,
உங்களுக்குக் கட்டன் போட்டுக் கொடுக்கும் அக்கா