சாமானை நிறுத்தினால் வரைபடத்தைத் தாருங்கள்: படகு எஞ்சின் கொம்பனிகளுக்கு ஒரு திறந்த மடல்

படகு எஞ்சின் செய்து விற்கும் கொம்பனிகளுக்கும், மூடிப்போன கொம்பனிகளின் பெயர்களையும் வரைபடங்களையும் விலைக்கு வாங்கி வைத்திருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மடலின் ஆங்கிலப் பிரதி உங்களுக்குத் தனியாக வந்து சேர்ந்திருக்கும். தமிழில் எழுதுவது எங்கள் ஆட்களுக்காக. பழைய படகு ஒன்றை மலிவாக வாங்கி, வார இறுதியில் சிம்கோ ஏரியில் பிள்ளைகளை ஏற்றித் திரியலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் ரொறன்ரோப் பக்கம் நம்மில் இருக்கிறார்கள், காசை எண்ணிக் கொடுக்க முன்னர் அவர்களும் இதை ஒருமுறை படிப்பது நல்லது.

என் படகில் இருப்பது எந்தக் கொம்பனியின் எஞ்சின் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மற்றவர்கள் எல்லாம் அது அவர்களுடைய பிரச்சினை என்று தப்பிவிடுவீர்கள். படகு 80களில் செய்தது, எஞ்சின் உள்ளே, புரொப்பெல்லர் பூட்டிய கால் வெளியே, அதாவது ஸ்டேர்ன்டிரைவ் வகை. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. இந்த வசந்தத்தில் அதற்கு வேண்டியிருந்தது ஒரு றப்பர், அவ்வளவுதான். பெல்லோஸ் என்று சொல்வீர்கள்.

உங்களுக்குத் தெரிந்த விசயம், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். படகின் பின்பலகைக்கும் தண்ணீருக்குள் நிற்கும் காலுக்கும் நடுவே, எஞ்சினின் சுழற்சியை வெளியே கொண்டுபோகும் தண்டைச் சுற்றி, மடிப்பு மடிப்பாக இருக்கும் ஒரு குழாய் அது. சுக்கானைத் திருப்பும்போதும் காலை மேலே தூக்கும்போதும் வளைந்து கொடுக்கவேண்டும், ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீரையும் உள்ளே விடக்கூடாது. மடிப்பில் வெடிப்பு விழுந்தால் முதலில் உள்ளே இருக்கும் பெயாரிங் துருப்பிடித்துக் கத்தத் தொடங்கும். அந்தச் சத்தத்தில் கவனித்தால் தப்பினீர்கள். கவனிக்காவிட்டால், படகைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு தண்ணீர் மெல்ல மெல்ல ஏறும், பற்றரி இருக்குமட்டும் பம்ப் இறைத்துக்கொண்டிருக்கும், பற்றரி செத்ததும் படகு கட்டின இடத்திலேயே தாழும். அதனால்தான் வருடாவருடம் இதைப் பார், சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்று என்று உங்கள் கைநூலிலேயே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். சரி, மாற்றுகிறேன். எதைக் கொண்டு மாற்றுவது?

பாக எண்ணைக் கொடுத்துக் கேட்டதற்கு வந்த பதில்: அந்தப் பாகம் நிறுத்தப்பட்டுவிட்டது, அதற்குப் பதிலான எண் இல்லை. அதற்குக் கீழே, இந்த வருடத்துப் புதிய மொடல்களைப் பார்ப்பதற்கு ஓர் இணைப்பு. முப்பது டொலர் றப்பர் கேட்டவனுக்குப் புதுப் படகைக் காட்டுகிற இந்தத் தாராள மனதை என்ன சொல்லிப் பாராட்டுவது என்று தெரியவில்லை. எஞ்சினையும் காலையும் சேர்த்துப் புதிதாகப் போடலாம் என்று இன்னொருவர் யோசனை சொன்னார். அதற்கு ஆகும் காசு, நான் படகையும் அதை ஏற்றிக்கொண்டு போகும் இழுவையையும் சேர்த்து வாங்கின விலையைப்போல் பல மடங்கு.

பிறகு பழைய சரக்கு விற்கும் ஒருவரிடம், பெட்டி உடைக்காத அசல் சாமான் என்று ஒன்று கிடைத்தது. விலையைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். பெட்டியில் பழைய முத்திரை பளபளப்புக் குறையாமல் இருந்தது. றப்பரை வெளியே எடுத்து, மடிப்பை இரண்டு பெருவிரல்களாலும் விரித்துப் பார்த்தால் அடிமடிப்பு சுற்றிவர மயிரிழை வெடிப்புகள், நகத்தால் சுரண்டினால் கறுப்பாகத் தூள் ஒட்டுகிறது. றப்பர் பெட்டிக்குள் இருந்தாலும் கிழடாகும். ஒருநாளும் தண்ணீரைக் காணாத, புத்தம் புதிய, பாவிக்க முடியாத சாமான். மெக்கானிக் அதை ஒருதரம் வளைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிப் பெட்டிக்குள் வைத்தார், இதை நான் பூட்டமாட்டேன் என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. படகு இப்போது வீட்டு முற்றத்தில் இழுவையில் நிற்கிறது. இந்த நாட்டில் படகு விட இருக்கிற காலமே மே மாத நீண்ட வார இறுதியில் தொடங்கி ஒக்டோபர் நன்றி நவிலலோடு முடிந்துவிடும், அதில் பாதி போய்விட்டது.

நான் கேட்பது இதுதான். நாற்பது வருடப் படகுக்கு நீங்கள் இன்றைக்கும் றப்பர் வார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்று கேட்கவில்லை. வருடத்துக்கு எத்தனை விற்கும், வார்ப்பு அச்சை வைத்திருக்க என்ன செலவு, களஞ்சிய வாடகை என்ன என்ற கணக்கு எனக்கும் விளங்கும். நிறுத்துங்கள். ஆனால் நிறுத்துகிற அன்றைக்கே அந்தப் பாகத்தின் வரைபடத்தையும், அளவுகளையும், என்ன கலவையில் செய்தது என்பதையும் வெளியே விடுங்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய இடத்தில் போடுங்கள். இலவசமாக விட மனம் வராவிட்டால் ஒரு சிறிய தொகைக்கு அனுமதி கொடுங்கள். நீங்கள் விற்காத ஒன்றை இன்னொருவன் செய்து விற்பதில் உங்களுக்கு என்ன நட்டம்?

இது நடக்காத காரியம் இல்லை, கார்க்காரர்கள் எப்போதோ செய்துவிட்டார்கள். 60களின் மஸ்டாங் காருக்கு ஃபோர்ட் கொம்பனி அனுமதி கொடுத்து மற்றவர்கள் பாகங்கள் செய்கிறார்கள், முழு உடலையே புதிதாக வாங்கலாம். ஃபோர்ட் அதனால் ஏழையாகிவிடவில்லை. மாறாக, அந்தப் பழைய கார்கள் தெருவில் ஓடுவதே அவர்களுக்கு விளம்பரம். உங்கள் பழைய எஞ்சின்கள் ஓடுவதும் அப்படி ஒரு விளம்பரமாக இருந்திருக்கலாம், இப்போது முற்றத்தில் நின்று வேறு மாதிரி விளம்பரம் செய்கின்றன.

பாதுகாப்பு என்று சொல்வீர்கள் என்று தெரியும். யாரோ செய்த றப்பரைப் போட்டுப் படகு தாழ்ந்தால் வழக்கு எங்கள் மேல் வரும் என்பீர்கள். இப்போது என்ன நடக்கிறது என்று ஒருநாள் படகுத்துறைக்கு வந்து பாருங்களேன். வெடித்த மடிப்பில் சிலிக்கன் பூசிக்கொண்டு ஓடுகிறார்கள். வேறு மொடலின் றப்பரை வெட்டிக் குறைத்து, இரண்டு கிளிப் போட்டு இறுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், பின்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். சரியான அளவைப் பார்த்து ஒரு நல்ல றப்பர்க்காரன் வார்த்துக் கொடுப்பது இதைவிட ஆபத்தா?

கொம்பனி மாறுவதும் மூடுவதும் வியாபாரத்தில் வழமைதான். ஜோன்சன், எவின்ரூட் எஞ்சின்களைச் செய்த அவுட்போர்ட் மரீன் கோர்ப்பரேஷன் 2000 டிசம்பரில் வங்குரோத்தானது. அடுத்த வருடம் எஞ்சின் வியாபாரத்தை பொம்பார்டியே கொம்பனி வாங்கியது, படகுப் பெயர்கள் வேறு கைக்குப் போயின. 2020 மே மாதம், பொம்பார்டியேயில் இருந்து பிரிந்த பிஆர்பி கொம்பனிக்காரர்கள் எவின்ரூட் செய்வதையும் நிறுத்துவதாக அறிவித்தார்கள். 1909இல் தொடங்கிய பெயர். உதிரிப்பாகம் தொடர்ந்து தருவோம் என்று அப்போது சொன்னார்கள், நல்ல விசயம், மற்றவர்களும் அந்த அளவுக்காவது சொல்லட்டும். ஆனால் ஒரு கொம்பனி கைமாறும்போது பெயருக்கும் முத்திரைக்கும் விலை பேசுகிறீர்கள், வரைபடப் பெட்டிகளும் அந்த விலைக்குள்தானே வருகின்றன? முத்திரையை எடுத்து ரீ-ஷேர்ட்டில் அடித்து விற்கத் தெரிகிறது, றப்பரின் அளவைச் சொல்லத் தெரியவில்லை.

அரசாங்கத்தையும் இதில் சும்மா விடமுடியாது. கனடாவில் 2019இல் இருந்து படகைக் கைவிடுவது சட்டப்படி குற்றம், கைவிட்ட படகை அகற்றும் செலவும் உரிமையாளர் தலையில்தான். நியாயமான சட்டம், ஏரியில் குப்பை போடக்கூடாது. ஃபைபர்கிளாஸ் உக்காது, உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது, கடைசியில் வெட்டித் துண்டாக்கிக் குப்பைமேட்டுக்குத்தான் போகிறது. அப்படியென்றால், உடல் ஐம்பது வருடம் நிற்கும் என்று தெரிந்தே அதற்குள் இருபது வருடச் சாமானை வைத்து விற்றவர்களுக்கு என்ன சட்டம்? கைவிட்டவனுக்குத் தண்டம், கைவிடவைத்தவனுக்குப் படகுக் கண்காட்சியில் முன்வரிசை.

பழுதுபார்க்கும் உரிமை என்று 2024 நவம்பரில் ஒட்டாவாவில் ஒரு சட்டம் வந்தது, திருத்த வேலைக்காக மென்பொருள் பூட்டை உடைத்தால் பதிப்புரிமை மீறல் இல்லை என்று. புதிய எஞ்சின்காரர்களுக்கு உதவும். என் எஞ்சினில் மென்பொருளும் இல்லை, பூட்டும் இல்லை, றப்பர்தான் இல்லை. கியூபெக்கில் பராமரிப்புத் தேவைப்படும் பொருளுக்கு நியாயமான காலம்வரை உதிரிப்பாகம் கிடைக்கவேண்டும் என்று நுகர்வோர் சட்டத்திலேயே இருக்கிறது, 2023இல் அதை இன்னும் இறுக்கினார்கள். ஒன்ராறியோவில் மின்னணுச் சாதனங்களுக்காக 2019இல் வந்த ஒரு சிறு மசோதாவையே தோற்கடித்து அனுப்பினார்கள். ஒட்டாவா ஆற்றுக்கு அந்தப்பக்கம், கியூபெக்கில் வாழுகிறவனுடைய படகு மட்டும் பழுதாகும் என்று நினைத்தார்களோ என்னவோ.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள். 90களில் பொருளாதாரத் தடை போட்டபோது பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மின்சாரம் இல்லை. மோட்டார் சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். அங்கே சாமான் வராமல் தடுத்தது ஒரு யுத்தம். இங்கே என்ன தடுக்கிறது? ஸ்காபரோவில் வார்ப்பு அச்சுச் செய்கிறவர் இருக்கிறார், றப்பர் வார்க்கிறவர் இருக்கிறார், முப்பரிமாண அச்சுப்பொறியை வீட்டு நிலவறையில் வைத்திருக்கும் இளம்பிள்ளைகள் இருக்கிறார்கள். காசு கொடுக்க நாங்கள் இருக்கிறோம். இல்லாதது ஒரு கடதாசி. பழையதைக் கழற்றி அளக்கலாமே என்பீர்கள், நாற்பது வருடம் வளைந்து இழுபட்ட றப்பரை அளந்தால் நாற்பது வருடம் இழுபட்ட அளவுதான் வரும். அசல் அளவு உங்கள் அலமாரியில் இருக்கிறது.

கோபத்தில் அங்கும் இங்கும் போய்விட்டேன், மன்னிக்கவும். மரியாதையாகவே கேட்கிறேன். ஒரு பாகத்தை நிறுத்தினால் அதன் வரைபடத்தைத் தாருங்கள். ஏற்கெனவே நிறுத்தியவற்றில் எல்லாவற்றையும் ஒரே நாளில் தேடி எடுப்பது கஷ்டம் என்றால், இல்லாவிட்டால் படகு தாழும் பாகங்களில் இருந்து தொடங்குங்கள்: பெல்லோஸ், தண்ணீர் நுழையும் இடத்து றப்பர்கள், சுக்கான் இணைப்புகள். இனி ஒன்றை நிறுத்தப்போகிறீர்கள் என்றால் ஒரு வருடம் முன்கூட்டியே அறிவியுங்கள், கடைசித் தொகுதியைக் கணக்காக வார்ப்பதற்கு நாங்களே முன்பணம் கட்டி ஓடர் கொடுக்கிறோம்.

எனக்கு வேண்டிய பாகத்தின் எண் ஆங்கிலப் பிரதியில் இருக்கிறது. அதன் வரைபடத்தை அனுப்ப முடியுமா முடியாதா என்று ஒரு பதில் தாருங்கள், முடியாது என்றால் ஏன் என்றும் எழுதுங்கள். அதன் வார்ப்பு அச்சு இன்னும் எங்காவது ஒரு களஞ்சியத்தில் கிடந்தால், பழைய இரும்புக்குப் போட முன்னர் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வாகனத்தைக் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போவோம், கூலியும் எங்களுடையது.

நன்றி.

சிம்கோ ஏரிப் படகுக்காரன் ஒருவன்