பின்னால் உட்கார்ந்து வாசிப்பவர்கள்

அன்புள்ள கதிர்,

உன் நீளமான மெசேஜை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். இனிமேல் எந்தப் பாடகருக்கும் பின்னால் உட்கார்ந்து கிட்டாரில் கார்ட்ஸ் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கிற பிடி) பிடிக்கப் போவதில்லை, சொந்தமாகப் போட்ட இசையை மட்டும்தான் வாசிப்பேன் என்கிறாய். அம்மா உன் கட்சி. எனக்கு ஒப்பவில்லை. போனில் பேசினால் ரெண்டு பேருக்கும் குரல் ஏறிவிடும், அதனால்தான் எழுதுகிறேன். நீ வேலையை விட்டதைப் பற்றி இதில் ஒரு வார்த்தை வராது, பயப்படாதே. அது பேசி முடித்த விஷயம்.

நீ கும்பிடாத குறையாகப் பேசுகிற கிட்டார்காரர் பாகோ டி லூசியாவையே எடுத்துக்கொள். தெற்கு ஸ்பெயினில் அல்ஹெசிராஸ் என்ற துறைமுக ஊரில் 1947-ல் பிறந்தவர். வீட்டில் கஷ்டம். அப்பாவும் கிட்டார் வாசித்துப் பிழைத்தவர், பையனைச் சின்ன வயதிலேயே சாதகத்துக்கு உட்கார வைத்துவிட்டார். (அந்த அப்பா அளவுக்கு நான் உன்னைப் படுத்தியதில்லை, அதையும் கணக்கில் வை.) அவர் வாசித்த ஃபிளமெங்கோவில், அதாவது பாட்டும் ஆட்டமும் கிட்டாரும் சேர்ந்த அந்தத் தெற்கு ஸ்பெயின் இசையில், ஒரு வழக்கம் உண்டு. கிட்டார்காரன் முதலில் ஆட்டத்துக்கு வாசிக்க வேண்டும், பிறகு பாட்டுக்கு, அதற்கப்புறம்தான் தனியாக. பாகோவும் பதின்வயதில் ஹொசே கிரேக்கோவின் நடனக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றினார். அந்தப் பயணங்களின்போதுதான் நியூயார்க்கில் சபிகாஸ் என்ற மூத்த ஃபிளமெங்கோ கிட்டார்காரரைச் சந்தித்தார். அடுத்தவர் பாணியைப் பிடித்துக்கொண்டு தொங்காதே, உனக்கென்று ஒன்றை வாசி என்று அந்தப் பெரியவர் சொன்னது பையன் மனதில் தைத்துவிட்டது.

நீ இன்று சொல்வதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் அதைக் கேட்ட பிறகும் பாகோ பக்கவாத்தியத்தை விடவில்லை. 1969 தொடங்கி 1977 வரை காமரோன் என்ற பாடகருக்கு வட்டு வட்டாக வாசித்துக் கொடுத்தார். அந்தக் குரல் எங்கே இழுக்கும், எங்கே உடையும் என்று பின்னாலேயே ஓடிய கை அது. பாகோ தனியாக வாசித்த ரும்பா தாள மெட்டு ஒன்று ஸ்பெயின் முழுக்கச் சக்கைப்போடு போட்டதும் அந்த வருடங்களுக்குள்தான். அதற்காகக் காமரோனுக்கு வாசிப்பதை அவர் நிறுத்திக்கொள்ளவில்லை.

மற்ற பக்கங்களிலும் இதே கதைதான். ராக் கிட்டாரில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ், லிட்டில் ரிச்சர்டு, ஐஸ்லி பிரதர்ஸ் என்ற பாடகர்களுக்குப் பின்னால் நின்றவர், 1966-ல் லண்டனுக்குப் போன பிறகுதான் முன்னால் வந்தார். நம் ஊரில் இளையராஜா, தானாக இசையமைக்கும் முன் ஜி. கே. வெங்கடேஷின் குழுவில் கிட்டார் வாசித்தார். மேற்கத்திய கிளாசிக்கலில்தான் கொஞ்சம் மாறுகிறது. செகோவியா என்ற கிட்டார்காரர் பாக்கின் இசையைக் கிட்டாருக்கு மாற்றி எழுதி, போன்சே, டொரோபா மாதிரி இசையமைப்பாளர்களைப் புதிதாக எழுத வைத்து, தனி ஆளாகவே மேடையைப் பிடித்தார். ஆனால் அதே கிளாசிக்கலில் ஜூலியன் பிரீம் என்ற கிட்டார்காரர், பீட்டர் பியர்ஸ் என்ற பாடகருக்கு லூட் என்ற பழைய கம்பி வாத்தியத்தை வாசித்துக்கொண்டு பல வருடம் கச்சேரி செய்திருக்கிறார்.

உடனே நீ என்ன சொல்வாய் என்று தெரியும். இவர்கள் எல்லாரும் கடைசியில் பெரிய ஆள் ஆனவர்கள்தானே, பின்னால் உட்கார்ந்தது ஒரு ஏணிதானே என்பாய். சரி, அப்படியானால் ஃப்ரெடி கிரீன் என்ற கிட்டார்காரரைப் பார்.

கவுன்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் 1937-ல் சேர்ந்தவர். 1987-ல் சாகும்வரை அங்கேதான் இருந்தார். பேஸியே 1984-ல் போய்ச் சேர்ந்துவிட்டார், அப்போதும் இவர் கிளம்பவில்லை. இத்தனை வருடத்தில் தனியாவர்த்தனம் என்று வாசித்தது அபூர்வத்திலும் அபூர்வம். சத்தத்தைக் கூட்டுகிற ஆம்ப் கிடையாது. டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் டிராம்போனும் வரிசை வரிசையாக ஊதுகிற குழுவுக்குள், கம்பிகளை நன்றாக மேலே தூக்கிக் கட்டிய ஒரு மரக் கிட்டாரை வைத்துக்கொண்டு, நாலு அடிக்கு நாலு கார்ட். அவ்வளவுதான். அதிலும் பல கார்டுகளில் ஒன்றிரண்டு கம்பிதான் பேசும், மிச்சத்தை விரலால் அமுக்கிவிடுவார். தனியாகத் தேடினால் கிட்டார் காதில் சிக்காது, டிரம்ஸோடும் பாஸோடும் கலந்துதான் விழும்.

1950-ல் பணமுடை வந்து பேஸி பெரிய குழுவைக் கலைத்தார். சின்னக் குழுவாக மறுபடி ஆரம்பித்தபோது கிரீனுக்கு அதில் இடமில்லை. ஒரு நாள் கிரீன் தானாகவே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து மேடையில் உட்கார்ந்துவிட்டாராம். இந்தக் குழுவுக்கே என் நல்ல வயதெல்லாம் கொடுத்திருக்கிறேன், இப்போது என்னை விட்டுவிட்டுப் போவீர்களா என்று கேட்டாராம். சொல்லிச் சொல்லிக் கொஞ்சம் மெருகேறிய கதையாக இருக்கலாம், இருந்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. அதன் பிறகு அவரை யாரும் வெளியே அனுப்பவில்லை. இவர் எந்த ஏணியில் ஏறினார், சொல்லு? ஆனால் ஜாஸில் ரிதம் கிட்டார் என்று பேச்செடுத்தால் முதல் பெயர் இவருடையதுதான்.

இன்னொரு கூட்டம் ஸ்டுடியோக்காரர்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் டாமி டெடெஸ்கோ என்று ஒருவர் இருந்தார். எந்த நோட்ஸை முன்னால் வைத்தாலும் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பார். வேறு கம்பி வாத்தியத்தைக் கொடுத்தாலும் கிட்டாருக்குச் சேர்ப்பது மாதிரியே சுருதி சேர்த்துக்கொண்டு வேலையை முடித்துவிடுவார். ‘கிட்டார் பிளேயர்’ பத்திரிகையில் பத்தி எழுதினார், அதில் என்ன ரெக்கார்டிங், என்ன வாசித்தேன் என்பதோடு எவ்வளவு கிடைத்தது என்பதையும் போடுவார். சம்பளத்தை அச்சில் போடுகிற கலைஞனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதே வட்டாரத்தில் கரோல் கே, ஜாஸ் கிளப்களில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர். 1963-ல் ஒரு ரெக்கார்டிங்குக்கு பாஸ் வாசிக்கிறவர் வரவில்லை என்று பாஸ் கிட்டாரைக் கையில் எடுத்தார், பிறகு அதுவே அவர் தொழிலாகிவிட்டது. நோட்ஸ் படிக்கத் தெரியாத க்ளென் கேம்பெல்லும் அங்கேதான் கூலிக்கு வாசித்தார், 1966-ல் பிரபல பாடகர் சினாட்ராவுக்குக்கூட. அடுத்த வருடமே பாடகராகப் பெரிய பெயர் வாங்கினார். நோட்ஸ் படிக்கச் சோம்பல்படும்போதெல்லாம் நீ கேம்பெல்லைச் சாக்குச் சொல்கிறாய். அவருக்குக் குரலும் இருந்ததப்பா.

ரிசப்ஷன் கச்சேரிகளை நீ விட்டுவிடு, எனக்கு ஆட்சேபம் இல்லை. அங்கே சாப்பாட்டுப் பந்திச் சத்தத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை, நீயும் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கர்நாடக சங்கீதம் பாடுகிற பெண் தன் கச்சேரிக்கு உன்னைக் கூப்பிட்டதையும் அதே கணக்கில் சேர்த்து மறுத்துவிட்டாய் பார், அங்கேதான் எனக்கு இடிக்கிறது. போன மாதம் நீ அனுப்பிய உன் சொந்த மெட்டுகளைக் கேட்டேன். விரல் வேகம் அபாரம். ஆனால் மூச்சு விட இடமே இல்லை. ஒரு வரி முடிவதற்குள் அடுத்தது வந்து விழுகிறது. நல்ல பாடகி எங்கே நிறுத்துகிறாள், நிறுத்தினால் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறாள் என்று இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பின்தொடர்ந்தால் தெரியும். தனி அறையில் தாளம் தட்டுகிற மெட்ரோனோம் கருவியோடு உட்கார்ந்து இது வராது.

இந்த வாரமே அவளிடம் மறுபடி பேசு, இன்னும் வேறு ஆள் போட்டிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். ஒரே ஒரு விஷயம், பணத்தை முதலிலேயே பேசிவிடு. ஒத்திகைக்கும் சேர்த்துக் கேள்.

அப்பா