ஆண்ட்ராஷி சாலை, 60-ஆம் எண்

அன்புள்ள சேகர்,

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பிசியோதெரபிக்கு மட்டும் டிமிக்கி கொடுக்காதே.

நான் புடாபெஸ்ட்டில், மகன் வீட்டில் இருக்கிறேன். பேத்தியைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. மருமகள் வந்ததும் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவேன். முப்பது வருஷம் சரித்திரம் நடத்திய உனக்கு இங்கே ஒரு தெருவைக் காட்டினால் போதும். ஆண்ட்ராஷி சாலை. ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யம் கொடிகட்டிப் பறந்தபோது போட்டது. 1896-இல் இதன் அடியில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. லண்டனை விட்டுவிட்டால், ஐரோப்பாவில் இந்த மாதிரி அதுதான் முதல். இன்றும் அதே பாதையில் குட்டி மஞ்சள் வண்டிகள். பத்திருபது படி இறங்கினால் பிளாட்பாரம்.

முதல் உலகப் போரில் தோற்றதும், 1920-இல் ட்ரியனான் ஒப்பந்தத்தில் ஹங்கேரியின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் போய்விட்டது. ஆற்றங்கரை நாடாளுமன்றத்தைப் பார்த்தால், அப்பா சட்டையைப் பிள்ளைக்கு மாட்டிவிட்டது போல இருக்கிறது.

அந்தச் சாலையின் 60-ஆம் எண் கட்டடத்துக்குப் போனேன். 1944-இல் அம்புச் சிலுவைக் கட்சி என்ற ஹங்கேரி நாஜிகளின் தலைமையிடம். யூதர்களை டான்யூப் கரையில் நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டுச் சுட்டவர்கள். நாஜிகள் ஒழிந்ததும் 1945-இல் கம்யூனிஸ்ட் ரகசியப் போலீஸ் வந்தது. ஊரில் வேறு இடமே கிடைக்காத மாதிரி, அதே கட்டடத்தில் குடியேறி, நிலவறையில் ஆட்களை அடைத்தது. இப்போது அது அருங்காட்சியகம். ஆனால் கம்யூனிஸ்ட் கொடுமைக்குத் தந்த இடத்தில் பாதிகூட மற்றதற்கு இல்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை. அம்புச் சிலுவைக்காரர்கள் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, 1944 மே முதல் ஜூலை வரை, நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களைப் பிடித்து ரயிலேற்ற உதவியது ஹங்கேரியின் சொந்தப் போலீஸ்தானே!

1950-இல் இந்தத் தெரு ஸ்டாலின் சாலையானது. 1956 புரட்சியில் மக்கள் ஸ்டாலின் சிலையை அறுத்துத் தள்ள, பீடத்தில் பூட்ஸ் மட்டும் நின்றது. நவம்பர் 4-ஆம் தேதி சோவியத் டாங்கிகள் வந்தன. புரட்சியின் பிரதமர் இம்ரே நாகியை 1958-இல் தூக்கிலிட்டார்கள். அதே நாகிக்கு 1989 ஜூன் 16 அன்று இந்தச் சாலை முடிகிற வீரர்கள் சதுக்கத்தில் லட்சக்கணக்கானோர் கூடி அஞ்சலி செலுத்தினார்கள். மறு வருஷமே தெருவுக்குப் பழைய பெயர் வந்துவிட்டது.

அப்புறம், உன் பையனுக்குப் பெண் பார்த்தீர்களே, என்ன ஆயிற்று? பதில் போடு.

அன்புடன்,
ராமு