வேலையாட்களுக்கு பூட்ஸ் வாங்கித் தருகிறவர்களுக்கு

வணக்கம்.

வெட்டவெளியில் வேலை செய்கிறவர்களின் காலுக்கு எதைப் போடுவது என்று நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். குழாய் பதிக்கக் குழி வெட்டும் வேலையில் 20 வருடமாக இருக்கிறவன் நான். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதை நம்பி ஆர்டர் போடாதீர்கள். பூட்ஸைக் கையில் எடுத்துப் பாருங்கள், அதைப் போடப் போகிறவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒரு மழைக்காலத்தில் எங்களுக்குப் புது பூட்ஸ் வந்தது. கனமான தோல், உறுதியான இரும்பு முனை, பெட்டியில் பெரிதாக ‘வாட்டர்ப்ரூஃப்’. சந்தோஷமாகத்தான் மாட்டிக்கொண்டோம். மூன்றாம் நாள் குழிக்குள் கணுக்கால் வரை சேறு. மதியத்துக்குள் சாக்ஸ் நனைந்து, அடி எடுத்து வைத்தாலே சளக் சளக் என்றது. சாயந்தரம் கழற்றிப் பார்த்தால் பாதம் வெளுத்துச் சுருங்கியிருந்தது, குதிகாலில் தோல் தொட்டாலே உரிந்து வந்தது. அன்று இரவு பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று தேடினேன். தோல் வழியாக வரவில்லை. லேஸுக்குக் கீழே இருக்கும் நாக்கு அடியில் மட்டும் தைக்கப்பட்டு, இரண்டு ஓரமும் திறந்து கிடந்தது. நல்ல பூட்ஸில் அந்த ஓரங்களை மேல்தோலோடு மடிப்பு வைத்துச் சேர்த்து மூடியிருப்பார்கள். உள்ளே விரலை விட்டுத் தடவினாலே தெரிந்துவிடும். வாங்கும்போது யாரும் தடவிப் பார்க்கவில்லை.

முத்திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதுகாப்பு பூட்ஸுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 20345-இல் விரல்களைக் காக்கும் முனை 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும் என்று இருக்கிறது. அது வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆனால் அந்தத் தரத்தின் வகைகளில் ஒன்றான எஸ்3 என்று போட்டிருந்தால் தண்ணீர் புகவே புகாது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வகையில் தண்ணீருக்கான சோதனை மேல்பாகத்தின் தோலுக்குத்தான். தையல், நாக்கு, சோல் சேரும் இடம் எல்லாம் அதில் வராது. முழு பூட்ஸும் தண்ணீரைத் தாங்கும் என்றால் டபிள்யூஆர் என்ற குறி இருக்கும். 2022-இல் அந்தத் தரத்தைத் திருத்தியபோது, எஸ்3-இன் தகுதிகளோடு இதையும் சேர்த்து எஸ்7 என்று ஒரு வகை கொண்டுவந்தார்கள். ஈரத்தில் வேலை என்றால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் சோல். பசையால் மட்டும் ஒட்டிய சோல் தினமும் நனைந்து காய்ந்தால் முனையில் வாய் பிளக்கும். வெல்ட், அதாவது மேல்பாகத்தையும் சோலையும் இணைக்கும் பட்டை, வைத்துத் தைத்தது விலை கூடுதல், ஆனால் தேய்ந்தபின் சோலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே என்று கிடங்கில் வருடக்கணக்காகக் கிடந்த சரக்கையும் எடுக்காதீர்கள். பாலியூரித்தேன் சோல், யாரும் போடாமல் வைத்திருந்தாலும், காற்றின் ஈரத்தில் உள்ளுக்குள்ளேயே சிதையும். புதிதாக மாட்டி நடந்த அன்றே ஊறிய பிஸ்கட் மாதிரி உதிர்ந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தயாரித்த தேதி பூட்ஸிலேயே இருக்கும்.

எல்லா வேலைக்கும் ஒரே பூட்ஸ் என்றும் முடிவு செய்துவிடாதீர்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறவருக்கு எவ்வளவு நல்ல தோல் பூட்ஸும் உதவாது, மேல்விளிம்பைத் தாண்டி வரும் தண்ணீரை எதுவும் தடுக்காது. அவருக்கு முழங்கால் வரை வரும் கம்பூட் வேண்டும், அதிலும் முனைக்காப்பு வைத்தது உண்டு. ஈர சிமெண்டில் நிற்கிறவருக்கும் அதுதான். சிமெண்டின் காரம் தோல் பூட்ஸை வெடிக்க வைக்கும், காலையும் புண்ணாக்கும்.

அளவு விஷயத்தில் கொஞ்சம் பொறுமை காட்டுங்கள். நின்று வேலை செய்த கால் சாயந்தரம் வீங்கியிருக்கும். அந்த நேரத்தில், வேலைக்குப் போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பார்க்க விடுங்கள். பெண்களுக்கு ஆண்கள் பூட்ஸிலேயே சின்ன அளவைக் கொடுத்தால் குதிகால் பிடிப்பில்லாமல் ஏறி இறங்கும். ஏணியில் ஏறும் ஒருவருக்கு அது பெரிய ஆபத்து.

ஆளுக்கு இரண்டு ஜோடி கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள். நனைந்த தோல் பூட்ஸ் ஒரு ராத்திரியில் காயாது. மறுநாளும் அதைத்தான் போட வேண்டும் என்பதால் பலர் அடுப்பு ஓரத்தில் வைக்கிறார்கள், தோல் வெடித்துவிடுகிறது. இரண்டு இருந்தால் ஒன்றின் உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் உள்தாளை எடுத்துவிட்டு, செய்தித்தாள் திணித்து நிழலில் ஆற வைக்கலாம். இரண்டுமே கூடுதல் காலம் உழைக்கும்.

அடுத்த ஆர்டருக்கு முன்னால் ஒரே ஒரு மாதிரி ஜோடி வாங்கி எங்களில் ஒருவரிடம் கொடுங்கள். ஒரு வாரம் போட்டு வேலை செய்துவிட்டு, எங்கே நனைந்தது, எங்கே கடித்தது என்று வந்து சொல்கிறோம்.

இப்படிக்கு,
குழி வெட்டும் தொழிலாளி ஒருவன்