தம்பேரேயிலிருந்து அப்பாவுக்கு

தம்பேரே, ஃபின்லாந்து
பிப்ரவரி 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் ஐப்பசியில் எழுதிய கடிதம் கார்த்திகையில் வந்தது. தை முடியப்போகிறது, இப்போதுதான் பதில் எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் போனில் "சாப்பிட்டியா, குளிரா" என்பதைத் தாண்டி நாம் எதுவும் பேசுவதில்லை. நீங்கள் நாலு பக்கம் எழுதிவிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் கேட்டிருந்தீர்கள்: "நீ அங்கே என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?"

நீங்கள் ஒன்றிய ஆபீசில் பார்த்த அதே கணக்குச் சரிபார்க்கிற வேலைதான் அப்பா. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஆராய்ச்சிக்கென்று ஐரோப்பிய யூனியன் 2021 முதல் 2027 வரை முதலில் சுமார் 9,550 கோடி யூரோ ஒதுக்கியது. ஹொரைசன் யூரோப் என்று பெயர். எங்களைப் போன்றவர்கள் தனியாகப் போய்க் கேட்டால் கிடைக்காது. குறைந்தது மூன்று நாடுகளிலிருந்து மூன்று நிறுவனங்கள் சேர்ந்து போக வேண்டும். நாங்கள் ஒன்பது நிறுவனங்கள் சேர்ந்திருக்கிறோம். ஏரியில் பாசி படர்வதை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி. ஏரியை விஞ்ஞானிகள் பார்த்துக்கொள்வார்கள், நான் ரசீதைப் பார்த்துக்கொள்கிறேன்.

பணம் முன்பணமாக வரும். மொத்தத் தொகையில் 5 சதவீதத்தை ஆரம்பத்திலேயே ஒரு காப்பு நிதிக்குப் பிடித்துக்கொண்டு, கடைசியில்தான் விடுவார்கள். கான்ட்ராக்டர் பில்லில் நீங்கள் பிடித்து வைப்பீர்களே, அது மாதிரி. நேரடிச் செலவின்மேல் 25 சதவீதம் கரண்ட், வாடகை வகையறாவுக்கு என்று சேர்த்துத் தருவார்கள், அதற்கு மட்டும் ரசீது கேட்க மாட்டார்கள். உங்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். மற்றதெல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும், கடைசிப் பணம் வந்து 5 வருஷம் வரை பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும். 4,30,000 யூரோவுக்கு மேல் வாங்குகிற ஒவ்வொருவரும் தணிக்கையாளரின் சான்று வைக்க வேண்டும்.

இங்கே மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டுக்குப் பெயர் டைம்ஷீட். வேலை பார்த்தவரும் அவருடைய மேலதிகாரியும் மாதாமாதம் கையெழுத்துப் போட வேண்டும். வருஷத்துக்கு 215 நாளுக்கு மேல் யார் பெயரிலும் எழுத முடியாது. புரட்டாசியில் கணக்கு அனுப்பும் சமயம், ஒரு விஞ்ஞானி எங்கள் வேலையில் முழுநாள் என்று கையெழுத்துப் போட்ட அதே மூன்று நாளுக்கு வேறொரு ப்ராஜெக்ட்டில் பயணப்படி வாங்கியிருந்ததைக் கண்டுபிடித்தேன். திருடும் ஆள் இல்லை, மாதக் கடைசியில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கிறார். செத்துப்போன ஆள் பெயரில் கைநாட்டு இருந்தது என்று நீங்கள் மதகு வேலை பில்லைத் திருப்பி அனுப்பி, மூன்று மாதம் யாரும் உங்களோடு டீ குடிக்க வராமல் இருந்தார்களே, அது நினைவுக்கு வந்தது. நானும் திருப்பி அனுப்பினேன். என் மேலாளர் அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு காபி கொண்டுவந்து வைத்தார். இங்கே அதற்குப் பாராட்டு என்று அர்த்தம்.

கற்றுக்கொண்டது எல்லாம் இப்படித் தடுக்கி விழுந்துதான். விண்ணப்பம் போடக் கடைசி நேரம் மாலை ஐந்து மணி, ஆனால் அது பிரஸ்ஸல்ஸ் நேரம். இங்கே அப்போது ஆறு. போன வருஷம் ஐந்தடிக்கும்போது நான் அழவே ஆரம்பித்துவிட்டேன். ஒரு மணி நேரம் பாக்கி இருப்பதைப் பக்கத்து மேஜைப் பையன் கடிகாரத்தைக் காட்டிச் சொன்னான்.

அப்புறம், நம் பெரிய குளத்தைத் தூர்வார இதில் பணம் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்காது அப்பா. இந்திய நிறுவனங்கள் கூட்டில் சேரலாம், ஆனால் அறிவிப்பில் தனியாகச் சொல்லியிருந்தாலொழிய பெரும்பாலும் அவரவர் பணத்தைத்தான் போட வேண்டும். தலைவரிடம் ஆசை காட்டிவிடாதீர்கள்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பால் நன்றாக இருக்கிறது. வீலி என்று ஒரு தயிர், கரண்டியில் எடுத்தால் நூல் நூலாக இழுபடும். நம் வீட்டில் கெட்டுப்போச்சு என்று கொட்டிவிடுவோம், நான் இப்போது சோற்றில் பிசைந்தே சாப்பிடுகிறேன். இந்த ஊரின் பெருமை ரத்தத்தில் செய்த கறுப்பு சாசேஜ், சிவப்புப் பழ ஜாமோடு. இந்த வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

எதிர் வீட்டுப் பாட்டிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். வாரம் மூன்று நாள் துண்டும் கம்பளித் தொப்பியுமாகக் கிளம்பி, உறைந்த நாசியார்வி ஏரியில் வெட்டி வைத்த ஓட்டையில் இறங்கிக் குளித்துவிட்டு வருகிறார். குடிவந்து எட்டு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் லிஃப்டில் என் காலைப் பார்த்து, "அந்த ஷூ போதாது" என்றார். மறுநாள் என் வாசலில் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை, அவரே பின்னியது. நான் ரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது, ரசத்தைப் பற்றி இன்றுவரை பேச்சில்லை.

கோட்டு பழைய துணிக் கடையில் வாங்கினேன், இங்கே எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். ஆபீசுக்கு நடந்தே போகிறேன், நாற்பது நிமிஷம், உடம்புக்கு நல்லது. போன மாதம் பணம் குறைவாக வந்தது பாங்கில் ஏதோ கோளாறு, பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ப்ராஜெக்ட் ஆகஸ்டில் முடிகிறது. என் சம்பளம் அதில் எழுதியிருப்பதால் வேலையும் அதோடு முடியும், ஆனால் அடுத்த விண்ணப்பம் போட்டிருக்கிறோம். மூன்று தலைப்புக்கு ஐந்தைந்து மார்க், 15-க்கு எவ்வளவு வருகிறதோ பார்ப்போம். சனி ஞாயிறு துணி துவைக்கும் அறைக்கு நேரம் குறித்து வைத்திருக்கிறேன், பொழுது போய்விடுகிறது.

டிசம்பரில் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. விளக்கைப் போடாமல் உட்கார்ந்து உங்கள் கடிதத்தை முகர்ந்து பார்த்தேன். காகிதத்தில் உங்கள் மூக்குப்பொடி வாசம் இருந்தது. சின்ன வயதில் அந்த வாசம் அடிக்கும் உங்கள் சட்டையைத் தொடமாட்டேன் என்று அடம்பிடிப்பேனே. இப்போது யாராவது அதை இங்கே கொண்டுவந்து கொடியில் போட்டால் தேவலை. ஏன் அப்பா என்னை அனுப்பினீர்கள் என்று அன்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். சரி, விடுங்கள்.

பாபுவிடம் சொல்லுங்கள், மேலவீட்டு சித்தப்பாவோடு கிணற்றுப் பங்கு விஷயமாகச் சண்டைக்குப் போக வேண்டாம். முதலில் பட்டா நகலையும் 'அ' பதிவேட்டு நகலையும் வாங்கட்டும், பேச்சு அப்புறம். சின்னத்தை பெண் வளைகாப்புக்கு என் பெயரில் கண்ணாடி வளையல் இரண்டு டஜன் எடுத்துவிடுங்கள். வெள்ளி கொலுசு இந்தத் தடவை முடியாது, அத்தை கோபித்தால் கோபிக்கட்டும். அம்மாவின் கண் ஆபரேஷனை அறுவடையைச் சாக்குச் சொல்லித் தள்ளாதீர்கள்.

சங்கத்தில் வைத்த நகையின் ரசீது டிரங்குப் பெட்டியில், அம்மாவின் பச்சைப் பட்டுக்கு அடியில் இருக்கிறது. கெடு மாசியிலா பங்குனியிலா என்று பார்த்து உடனே சொல்லுங்கள். வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

அன்புடன்,
செல்வி