ஸ்காவையும் கேட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் வார இதழில் ஜமெய்க்காவின் ரெகே இசை பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் ரெகேக்கு முன்னோடியான ஸ்காவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லையே.

ஜமெய்க்கா 1962இல் சுதந்திரம் பெற்ற நாட்களில் கிங்ஸ்டனில் கொடிகட்டிப் பறந்தது ஸ்கா. ஒன்று, இரண்டு என்று எண்ணினால், இரண்டு எண்களுக்கும் நடுவில் கிற்றார் வெட்டி விழும். கேட்பவரின் கால் சும்மா இராது.

முதலில் ஸ்கற்றலைற்ஸைக் கேளுங்கள். 1964இல் உருவான குழு. அதன் ட்ரொம்போன் கலைஞர் டொன் ட்ரம்மண்ட், சக்ஸபோன் வாசித்த ரொமி மக்குக் உட்படப் பலர் கன்னியாஸ்திரிகள் நடத்திய அல்ஃபா பாடசாலையில் படித்தவர்கள். ஏழைப் பிள்ளைகளுக்கான அந்தப் பாடசாலையின் பாண்ட் வாத்தியக் குழுவில்தான் அவர்கள் கையில் வாத்தியம் வந்தது. பாடசாலைக் குழுவில் ட்ரம்பெட் ஊதி வளர்ந்த எனக்கு இதைவிடப் பெருமையான செய்தி வேறில்லை. ட்ரம்மண்டின் வாசிப்பில் ஒரு சோகம் உண்டு. ஆடும்போதே மனதைப் பிசையும்.

அப்புறம் இங்கிலாந்தின் ஸ்பெஷல்ஸ் குழு. நிறவெறி தலைதூக்கிய காலத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நின்று பாடினார்கள். போலின் பிளாக் பாடிய செலெக்ரர், மட்னெஸ், ஜப்பானின் ரோக்கியோ ஸ்கா பரடைஸ் ஓர்கெஸ்ட்ரா ஆகிய குழுக்களை எல்லாம் அடுத்தடுத்துக் கேட்கலாம்.

‘வடக்கின் பெருஞ்சமர்’ கிரிக்கெட் போட்டியில் நம் பிள்ளைகள் பைலா மெட்டுகளை எவ்வளவு உற்சாகமாக ஊதுகிறார்கள்! பாண்ட் பயிற்றும் ஆசிரியர்கள் ஒரு ஸ்கா மெட்டையும் அவர்களுக்குப் பழக்கிவிட வேண்டும்.

வாசகர் ஒருவர்,
கொக்குவில்.