மரபு நடை நடத்தும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வடசென்னையில் மரபு நடை நடத்தும் நண்பர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு காலை பவழக்காரத் தெருவிலிருந்து ராஜாஜி சாலை வரை உங்களோடு நடந்த பழைய வண்ணாரப்பேட்டைக்காரன் நான். இன்று கலெக்டர் அலுவலகம் இயங்கும் சிங்காரவேலர் மாளிகையின் எதிரே நின்று, அவ்விடத்தில் முன்பிருந்த பென்டிங்க் கட்டடத்தைப் பற்றிச் சொல்லும்போது, தகுதியில்லாத வெள்ளைக்காரத் துரையைக் கிழக்கிந்தியக் கம்பெனி நிர்வாகம் தயங்காமல் மாற்றிவிடும் என்று உங்களில் ஒருவர் கூறினார். அது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை; மாணவர்கள் அதை நோட்டில் குறித்துக்கொண்டதால்தான் எழுதுகிறேன்.

மாற்றுவதென்றால் அந்த இடத்தில் யாரை அமர்த்துவது? கம்பெனி ஆட்சிக்காகப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய 1793-ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம், மாகாணத்தின் உயர் சிவில் பதவிகள் காலியானால் அந்த மாகாணத்துக் கம்பெனி ஊழியர்களைக் கொண்டே நிரப்ப வேண்டும் என்றும், இன்ன சம்பளத்துக்கு இத்தனை ஆண்டுப் பணி வேண்டும் என்றும் வரையறுத்தது. அந்த ஊழியர்களோ லண்டன் இயக்குநர்களின் பரிந்துரையால் இளம் வயதிலேயே கப்பலேறி வந்தவர்கள். ஆகவே, கணக்குப் புரியாத கலெக்டர் ஒருவரை அகற்றினாலும், அடுத்து வருபவர் அதே வரிசையில் நின்றவராகவே இருப்பார். ஜமாபந்தி எனும் ஆண்டு நிலவரிக் கணக்கைத் தலைகீழாக அறிந்த சிரஸ்தார், அதாவது கலெக்டர் அலுவலகத்தின் தலைமை இந்திய அலுவலர், எத்தனை ஆண்டு உழைத்தாலும் அந்த நாற்காலிக்கு வர முடியாது. திறமை கலெக்டர் கச்சேரியின் (அலுவலகத்தின்) கீழ்ப்படிகளில் இருந்தது, பதவி மேலே பூட்டிக் கிடந்தது.

தமிழறிஞரான கம்பெனி அதிகாரி எல்லிஸ் முன்னின்று 1812-இல் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, இளம் துரைமாருக்குத் தமிழும் தெலுங்கும் கற்பித்துத் தேர்வும் வைத்தது என்று நீங்கள் பெருமையாகச் சொன்னது சரியே. (எல்லிஸிடம் எனக்கும் மதிப்பு உண்டு.) ஆனால் அந்தத் தேர்வு உள்ளே வந்துவிட்டவர்களைச் செம்மைப்படுத்தியதே தவிர, வெளியே நின்றவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை.

இந்தியர்களுக்கு உயர்ந்த பொறுப்புகள் தரப்பட வேண்டும் என்று சென்னை மாகாண கவர்னர் மன்றோவே 1824-இல் எழுதிவைத்தார். பிறப்பும் நிறமும் பதவிக்குத் தடையாகாது என்று 1833-ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் அறிவித்த பின்னும், நியமனம் இயக்குநர்களின் கையிலேயே இருந்தது. 1855-இல் இந்த உயர் சிவில் பணிக்குப் போட்டித் தேர்வு வந்தது, அதுவும் லண்டனில். இந்திய மண்ணிலும் அதை எழுதலாம் என்றானது 1922-இல்தான்.

அடுத்த நடையில் அந்த மாளிகையின் முன் ஐந்து நிமிடம் கூடுதலாக நின்று, துரையின் பெயரோடு சிரஸ்தாரின் வேலையையும் சொல்லுங்கள். குறித்துக்கொண்டு போன மாணவர்களுக்கும் இத்திருத்தத்தைத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டை வாசகன்